கப்பலைக் கொள்ளையடிக்கலாம், ஆளை மிரட்டக் கூடாது!

2005 ஏப்ரல் 18. ஹாரஸ் நட்சத்திர மண்டலத்தில் மிரியலின் போர்க்கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அது 'நேவி அபோகலிப்ஸ்' வகை. அந்த அண்டம் முழுக்கச் சல்லடை போட்டாலும் அப்போது அந்த வகையில் ஒன்றிரண்டுதான் தேறும். துணைக்கு அருகிலேயே இன்னொரு கப்பல். அதை ஓட்டுபவர் அரெனிஸ் செம்டால். மிரியல் தலைமை தாங்கும் 'உபிக்வா செராஃப்' நிறுவனத்தில் அவர்தான் வலது கை. மாதக்கணக்கில் கூடவே இருந்து, உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்த ஆள்.

'நிக்கோல்' என்ற ஒற்றைச் சொல் ரகசியமாகப் பரவுகிறது. அதுதான் உத்தரவு. அரெனிஸ் தன் பீரங்கிகளைத் தலைவியின் பக்கமே திருப்புகிறார். காத்திருந்த கூட்டாளிகளும் பாய்கிறார்கள். அதே நேரத்தில் நிறுவனத்தின் கிடங்குகள் வெவ்வேறு இடங்களில் திறக்கப்பட்டு, துடைத்து எடுக்கப்படுகின்றன. மிரியலின் கப்பல் சிதறுகிறது. தப்பிக்க இருந்த உயிர்க்கூடும் உடைகிறது. மிதந்துகொண்டிருந்த உறைந்த உடலையும் அள்ளிக்கொண்டுபோய், கூலி கொடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஒப்பந்தமே அப்படித்தான்.

இது நடந்தது 'ஈவ் ஆன்லைன்' என்ற இணைய விளையாட்டில். செய்து முடித்தது 'கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப்' என்ற கூலிப்படை. சுமார் ஒரு வருடம் ஆட்களை உள்ளே நுழைத்துக் காத்திருந்து அடித்த அடி. போன பொருளின் மதிப்பு 30 பில்லியன் ஐஎஸ்கே. அது அந்த விளையாட்டின் நாணயம். அன்றைய கணக்கில் அசல் பணமாக 16,500 டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

விளையாட்டை நடத்தும் நிறுவனம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை என்பதுதான் காரணம்.

இது அநியாயம் என்று வாசகருக்குக் கோபம் வரலாம். எனக்கும் முதலில் இதைப் படித்தபோது வந்தது. ஆனால் இந்த விளையாட்டின் 20 வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றைக் கூர்ந்து பார்க்கும்போது, அந்தக் கோபத்தை வேறு சில இடங்களுக்காகச் சேமித்து வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த இடங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஐஸ்லாந்தில் பிறந்த அண்டம்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே 6 அன்று ஈவ் ஆன்லைனை வெளியிட்டது. மற்ற விளையாட்டுகள் ஆட்டக்காரர்களைப் பல சர்வர்களாகப் பிரித்துவிடும். இங்கே உலகம் முழுக்க இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் 'ட்ரான்குவிலிட்டி' என்ற ஒரே அண்டத்தில் இருக்கிறார்கள். கப்பல், குண்டு, கவசம் என்று ஏறக்குறைய எல்லாமே ஆட்டக்காரர்கள் தோண்டி எடுத்த கனிமத்தில், ஆட்டக்காரர்களே செய்து, ஆட்டக்காரர்களே விற்பவை. சந்தை விலையும் அவர்கள் வாங்கி விற்பதால் ஏறி இறங்குவதுதான். 'ஜிடா' என்ற இடம் அதன் கொத்தவால் சாவடி.

கப்பல் உடைந்தால் உடைந்ததுதான். காப்பீடு கொஞ்சம் கொடுக்கும்; உள்ளே இருந்த சரக்குக்குக் கிடையாது. ஒவ்வொரு பொருளும் அழிந்துபோக ஒரு பாதி வாய்ப்பு, கொள்ளையன் கைக்குப் போக ஒரு பாதி வாய்ப்பு.

இழப்பு உண்மையாக இருப்பதால்தான் உழைப்புக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது. யாருமே கப்பலை இழக்காவிட்டால் புதுக் கப்பல் செய்கிறவருக்கு என்ன வேலை? சுரங்கத் தொழிலாளி, லாரிக்காரர் மாதிரி சரக்கு ஓட்டுபவர், ஆயுத வியாபாரி என எல்லோருடைய பிழைப்பும் கடைசியில் கொள்ளைக்காரனிலும் போரிலும் போய் நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் "கொள்ளையைத் தடை செய்" என்று சொல்வதில் பொருள் இல்லை.

---

பெட்டிச் செய்தி: எங்கே எவ்வளவு பாதுகாப்பு?

ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு.

1.0 முதல் 0.5 வரை: உயர் பாதுகாப்பு. சட்டத்துக்குப் புறம்பாகத் தாக்கினால் 'கான்கார்ட்' என்ற போலீஸ் வந்து தாக்கியவரின் கப்பலை அழிக்கும். எண் குறையக் குறைய அது வந்து சேரும் நேரம் கூடும்.

0.4 முதல் 0.1 வரை: தாழ் பாதுகாப்பு. கான்கார்ட் வராது. நிலையத்துக்கும், மண்டலம் விட்டு மண்டலம் தாவும் வாசலுக்கும் அருகில் காவல் துப்பாக்கிகள் மட்டும். வழிப்பறிக்காரர்களின் சொந்த ஊர் இதுதான்.

0.0-வும் அதற்குக் கீழும்: சட்டமே இல்லை. கூட்டணிகள் தங்களுக்குள் பங்கு போட்டு ஆளும் நிலம்.

---

தொழிலாகக் கொள்ளை

வழிப்பறி அங்கே ஒரு கைத்தொழில். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வாசலில் பதுங்கி நிற்பார்கள். வருகிற கப்பலை நகரவிடாமல் பூட்டுவார்கள். பிறகு பேரம். "இவ்வளவு கொடு, விட்டுவிடுகிறோம்." பணம் வாங்கியபின் சொன்னபடி விட்டுவிடும் கும்பல்களுக்கு நல்ல பெயர் உண்டு, அந்தப் பெயர்தான் அடுத்தவரைப் பணம் கொடுக்க வைக்கும். வாங்கிக்கொண்டும் சுடுகிற கும்பலுக்கு நாளடைவில் யாரும் கப்பம் கட்ட மாட்டார்கள்.

உயர் பாதுகாப்பு மண்டலத்திலும் கொள்ளை உண்டு. அதற்குப் பெயர் 'சூசைடு கேங்க்'. உவேடாமா மாதிரி வணிகப் பாதையின் குறுகிய கழுத்தில் ஒருவர் சும்மா நின்று, போகிற வருகிற கப்பல்களின் சரக்கை ஸ்கேன் செய்கிறார். கொழுத்த சரக்குக் கப்பல் ஒன்று சிக்குகிறது. கூட்டாளி ஒருவர் பெரிய கப்பலால் அதை மோதி மோதித் திசை திரும்ப விடாமல் வைத்திருக்கிறார். மோதுவது குற்றக் கணக்கில் வராது. பிறகு 'கேட்டலிஸ்ட்' என்ற மலிவுக் கப்பல்கள் கூட்டமாக வந்து சுடுகின்றன. கான்கார்ட் வந்து அத்தனையையும் பொசுக்கிவிடும். அது அவர்களுக்கும் தெரியும். போலீஸ் வருவதற்கு முன்னால் சரக்குக் கப்பல் உடைந்துவிட்டால் போதும். தாக்குதலில் கலந்துகொள்ளாத ஒருவர் வந்து சிதறிய சரக்கை அள்ளிக்கொண்டு போவார். இழந்த கேட்டலிஸ்ட்களின் விலையை விட அள்ளியது அதிகம் என்றால் லாபம்.

முன்பு போலீஸ் அழித்த கப்பலுக்கும் காப்பீடு கிடைத்துக்கொண்டிருந்தது. குற்றம் செய்தவருக்கு நஷ்ட ஈடு! சுரங்கத் தொழிலாளிகள் பல வருடம் கத்திய பிறகு, 2011 இறுதியில்தான் சிசிபி அதை நிறுத்தியது. கொள்ளை தொடர்ந்தது, ஆனால் கொள்ளையனும் தன் கைக்காசைப் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று ஆனது. என் பார்வையில் நியாயமான ஆட்டம் என்பதற்கு இது நல்ல உதாரணம். அடிப்பவனும் எதையாவது பணயம் வைக்க வேண்டும்.

2010-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சந்தாவுக்குப் பதிலாகப் பயன்படும் 'பிளெக்ஸ்' என்ற சீட்டை அசல் பணம் கொடுத்து வாங்கி, விளையாட்டுக்குள் விற்கலாம். ஒருவர் அப்படி 74 பிளெக்ஸை 'கெஸ்ட்ரல்' என்ற சின்னஞ்சிறு கப்பலில் ஏற்றிக்கொண்டு ஜிடா பக்கம் போனார். கப்பல் உடைந்தது, 74-ம் தீயோடு போயின. அன்றைய விலையில் 1,200 டாலருக்கு மேல். சுட்டவர்களுக்கும் ஒரு சீட்டுகூடக் கிடைக்கவில்லை. பறிகொடுத்தவருக்காக என் மனம் வருந்துகிறது. ஆனாலும் அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆபத்து இன்னதென்று ஊருக்கே தெரிந்த பாதை அது.

திருடியதற்குத் தண்டனை இல்லை, விற்றதற்கு உண்டு

2009-ல் 'ஈபேங்க்' என்று ஒரு வங்கி அந்த அண்டத்தில் கொடிகட்டிப் பறந்தது. ஆட்டக்காரர்கள் நடத்தியது, ஆட்டக்காரர்கள்தான் டெபாசிட் போட்டிருந்தார்கள். அதன் நிர்வாகி 'ரிக்டிக்' என்ற பெயரில் ஆடிய ஆஸ்திரேலியர். ஒருநாள் அவர் 200 பில்லியன் ஐஎஸ்கேயைக் கையாடிவிட்டார். விஷயம் வெளியே வந்ததும் டெபாசிட்டைத் திரும்ப எடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. நம்பிப் பணம் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

ரிக்டிக்கின் கணக்கை சிசிபி முடக்கியது. வங்கியைச் சூறையாடியதற்காக அல்ல. கையாடிய ஐஎஸ்கேயை வெளியாட்களிடம் சுமார் 6,300 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றதற்காக. வீட்டுக்கு முன்பணம், மகனின் மருத்துவச் செலவு என்று அவர் காரணம் சொன்னார். மனிதர் மீது இரக்கம் வராமல் இல்லை.

விதி கோணலாகத் தெரிகிறதா? கொஞ்சம் யோசித்தால் அதன் நேர்மை புரியும். விளையாட்டுக்குள் திருடிய பணம் விளையாட்டுக்குள்ளேயே சுற்றும் வரை, பறிகொடுத்தவர் பழிவாங்கலாம், கூலிப்படை அனுப்பலாம், பெயரைக் கெடுக்கலாம். அசல் ரூபாயாக மாறிய நொடியில் அது ஆட்டத்தை விட்டே போய்விடுகிறது. பிறகு எதிராளிக்கு ஆட ஆட்டமே இல்லை. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஐஎஸ்கேக்கு வெளிச்சந்தை இருந்தால், மனிதன் உட்காராத நாற்காலியிலிருந்து இரவு பகலாகக் கனிமம் தோண்டும் 'பாட்' மென்பொருள்கள் பெருகும். அதே 2009-ல் சிசிபி ஒரே மூச்சில் 6,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியது இந்தக் கள்ளச் சந்தையை ஒடுக்கத்தான்.

பாட் ஓட்டுபவர் யாரையும் சுடுவதில்லை, யாரிடமும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. இருந்தாலும் நேர்மையாக இரண்டு மணி நேரம் தோண்டுகிற ஒருவரின் உழைப்பை மலிவாக்கிவிடுகிறார். வாசலில் நிற்கும் வழிப்பறிக்காரரைவிட இவரால்தான் அந்த அண்டத்துக்குக் கேடு அதிகம்.

கோடு தாண்டிய மூன்று நாட்கள்

ஆட்டத்துக்குள் இருக்கும் கப்பல், ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் மனிதர். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் கோடு. அது எங்கே இருக்கிறது என்பதை ஈவ் ஆட்டக்காரர்கள் மெல்ல மெல்ல, காயப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

2012 மார்ச். ரெய்க்யாவிக்கில் வருடாந்திர ரசிகர் விழா. மேடையில் 'தி மிட்டானி' என்ற புகழ்பெற்ற தலைவர், போதையில். ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபையின் தலைவரும் அவர்தான். தன் கூட்டணியிடம் கப்பலைப் பறிகொடுத்த ஒரு சுரங்கத் தொழிலாளி, மணமுறிவிலும் மனச்சோர்விலும் இருப்பதாக எழுதியதை மேடையில் காட்டிச் சிரித்தார். அவரது விளையாட்டுப் பெயரைச் சொல்லி, அவரைத் தற்கொலைக்குத் தூண்டும்படி கூட்டத்தை ஏவினார். விஷயம் வெடித்ததும் மன்னிப்புக் கேட்டார். 30 நாள் தடை. சபைத் தலைமையும் போனது. தண்டனை போதுமா? போதாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு மனிதரின் உயிரோடு விளையாடிய செயல் அது.

2014. பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று சொல்லி மொத்தச் சொத்தையும் எழுதி வாங்குவது அங்கே பழைய மோசடி. ஆனால் ஒரு கும்பல் அதோடு நிற்கவில்லை. ஏமாந்தவரைக் குரல் உரையாடலுக்கு அழைத்து, "இதைச் செய்தால் திருப்பித் தருகிறோம்" என்று மணிக்கணக்கில் ஆசை காட்டி, பாட வைத்து, அதைப் பதிவுசெய்து ஊருக்கே போட்டுக் காட்டியது. ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, இது சித்திரவதை என்று பகிரங்கமாக எழுதினார். பெரிய விவாதம் எழுந்தது. 'விளையாட்டுக்கு வெளியில் நடந்தது, நிறுவனத்துக்கு என்ன வேலை?' என்று வாதாடியவர்களும் உண்டு. சிசிபி அந்த வாதத்தை ஏற்கவில்லை. நிஜ மனிதரைத் துன்புறுத்தினால் கணக்கு போகும் என்று அறிவித்து, அப்படியே செய்தது.

மூன்றாவதுதான் கோடு எங்கே என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது. 2017 செப்டம்பரில் 'சர்க்கிள் ஆஃப் டூ' கூட்டணியின் மூத்த தலைவர் 'தி ஜட்ஜ்', ஒரே இரவில் கூட்டணியின் கோட்டைகளை எதிரிகளிடம் ஒப்படைத்து, கஜானாவையும் காலி செய்தார். போனது ஒரு டிரில்லியன் ஐஎஸ்கேக்கு மேல். ஈவ் வரலாற்றிலேயே பெரிய துரோகங்களில் ஒன்று. ஆத்திரத்தில் கொதித்த கூட்டணித் தலைவர் 'கிக்எக்ஸ்', துரோகியின் நிஜப் பெயரும் முகவரியும் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். கைகள் இருக்கும்போதே தட்டச்சு செய்துகொள் என்ற தொனியில் மிரட்டினார்.

கணக்கு முடக்கப்பட்டது துரோகம் செய்தவருக்கு அல்ல, துரோகத்துக்கு ஆளானவருக்கு. அதுவும் நிரந்தரமாக. எல்லாவற்றையும் இழந்தவருக்கே தண்டனையா என்று பலர் பொருமினார்கள். அவர்கள் வலி புரிகிறது. இருந்தும் சிசிபி செய்தது சரி. கோட்டை போவதற்குச் சம்மதித்துத்தான் எல்லோரும் அங்கே உட்கார்கிறார்கள். கை போவதற்கு யாரும் சம்மதிக்கவில்லை.

நடுவரே ஆட்டத்தில் இறங்கினால்?

ஈவின் வரலாற்றில் மிகப் பெரிய அநியாயத்தைச் செய்தது ஒரு கொள்ளையன் இல்லை. நிறுவனத்தின் சொந்த ஊழியர். 'டி20' என்ற பெயரில் அறியப்பட்ட அந்த மென்பொருளாளர், 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்ற பலம்வாய்ந்த கூட்டணியில் ரகசியமாக ஆடிக்கொண்டிருந்தார். மிக அரிதான சில தயாரிப்பு வரைபடங்களைத் தன் அதிகாரத்தால் தனக்கே உருவாக்கிக்கொண்டார். 2007 பிப்ரவரியில் இது அம்பலமானது. அவர் வேலை உடனே போகவில்லை. விவகாரத்தை வெளியே கொண்டுவந்த ஆட்டக்காரரின் கணக்குதான் முடக்கப்பட்டது.

ஒரு வருடம் ஊடுருவி அடித்த கொள்ளையை ரசித்தவர்களே இதைக் கேட்டுக் கொந்தளித்தார்கள். அதில் முரண் எதுவும் இல்லை. அரெனிஸ் செம்டாலிடம் மற்றவர்களிடம் இல்லாத பொத்தான் எதுவும் இருக்கவில்லை. அவர் செய்ததை, பொறுமை இருந்தால், வேறு யாரும் செய்திருக்கலாம். டி20 செய்ததை யாராலும் செய்திருக்க முடியாது.

கொந்தளிப்பின் விளைவு நல்லதாக முடிந்தது. ஊழியர்களைக் கண்காணிக்க உள்பிரிவு வலுப்பட்டது. 2008-ல் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 'கவுன்சில் ஆஃப் ஸ்டெல்லார் மேனேஜ்மென்ட்' உருவானது. வாடிக்கையாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை விமானத்தில் அழைத்து உட்கார வைத்துப் பேசும் பழக்கம் இன்றும் இந்தத் துறையில் அரிது.

---

பெட்டிச் செய்தி: இழப்பின் அளவு

2014 ஜனவரி 27-28: 'பி-ஆர்5ஆர்பி' போர். சுமார் 21 மணி நேரம். 'டைட்டன்' என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. மொத்த இழப்பு சுமார் 3 லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. ஆட்சியுரிமைக்கான ஒரு தவணை கட்டப்படாமல் போனதில் தொடங்கியது.

2020 டிசம்பர் 30-31: 'எம்2-எக்ஸ்எஃப்இ' போர். 257 டைட்டன்கள் அழிந்தன. மதிப்பு 3,78,012 டாலர்; கின்னஸ் சாதனை.

---

புதிதாக வருபவரின் கதி

"கொள்ளையர்கள்தான் புதியவர்களை விரட்டுகிறார்கள்" என்பது பழைய குற்றச்சாட்டு. 2015 ரசிகர் விழாவில் சிசிபி ஒரு கணக்கைக் காட்டியது. 80,000 புதியவர்களின் முதல் 15 நாட்களை ஆராய்ந்ததில், சட்டவிரோதத் தாக்குதலில் கப்பலை இழந்தவர்கள் சுமார் 1 சதவீதம்தான். இன்னொரு தகவலும் வந்தது. யாராலும் சுடப்படாதவர்களைவிட, சுடப்பட்டவர்கள்தான் அதிகம் பேர் தொடர்ந்து ஆடினார்கள்.

கொள்ளையர்கள் இந்தப் புள்ளிவிவரத்தைக் கொடியாகத் தூக்கிப் பிடித்தார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆர்வத்தோடு ஊர் சுற்றுகிறவர்தான் சுடப்படும் இடத்துக்குப் போவார். ஆர்வம் உள்ளவர் எப்படியும் நீடிப்பார். சுடப்பட்டதால் நீடித்தார் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. சுட்ட கையோடு "எங்கே தப்பு செய்தாய் தெரியுமா?" என்று சொல்லிக்கொடுத்து, புதுக் கப்பல் வாங்கக் காசும் அனுப்பும் வழக்கம் ஈவில் சிலரிடம் உண்டு. ஆளைத் தங்க வைப்பது அந்த நாலு வார்த்தைப் பேச்சாகவும் இருக்கலாம்.

தொடக்க மண்டலங்களில் புதியவர்களைப் பொறிவைத்துப் பிடிக்கக் கூடாது என்று சிசிபி விதி வைத்திருக்கிறது. சரியான விதி. நீச்சல் தெரிந்தவரை ஆழத்தில் இழுக்கலாம், படிக்கட்டில் நிற்பவரைத் தள்ளக் கூடாது.

ஆபத்தைக் கூட்டினால் ஆட்டம் சுவைக்கும் என்று நிறுவனமும் ஒருமுறை நினைத்தது. 2019 ஜூலையில், சட்டமில்லா நிலப்பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை எடுத்துவிட்டது. வேட்டையாடுபவர்கள் கொண்டாடினார்கள். தோண்டுபவர்கள் லாக்-இன் செய்வதையே நிறுத்தினார்கள். இரை இல்லாத காட்டில் வேட்டைக்காரனுக்கு என்ன வேலை? செப்டம்பரில் பட்டியல் திரும்ப வந்தது.

இன்னொரு வழி: கதவை நீயே தேர்ந்தெடு

இங்கிலாந்தின் ஃபிரான்டியர் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'எலீட் டேஞ்சரஸ்' வேறு பாதையில் போனது. நம் பால்வெளி மண்டலம் முழு அளவில். 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். உள்ளே நுழையும்போதே கேட்கும்: எல்லோரோடும் ஆடும் திறந்தவெளியா, தனியாகவா, தனிக்குழுவோடா? எந்த வழியில் போனாலும் அண்டம் ஒன்றே.

கொள்ளையடிப்பதற்கான கருவிகள் இதிலும் உண்டு. சரக்கை ஸ்கேன் செய்து, சரக்கறைக் கதவைப் பெயர்க்கும் குட்டி ட்ரோனை அனுப்பி, விழுவதை அள்ளலாம். கப்பல் போனால் பெரும்பாலும் அதன் விலையில் 5 சதவீதம் கட்டித் திரும்பப் பெறலாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் ஆளில்லாத நட்சத்திரங்களைத் தேடி அலைந்து தகவல் சேகரித்துவிட்டு ஊர் திரும்பும் ஆய்வுப் பயணி, அதை விற்பதற்கு முன் சுடப்பட்டால் அத்தனையும் போச்சு. சுட்டவருக்கு அதில் காலணா லாபம் கிடையாது. கப்பம் கேட்பவரைக் கொள்ளையர் என்று மதிக்கலாம். லாபமே இல்லாமல் அடுத்தவர் நோவதைப் பார்க்க மட்டும் சுடுபவரை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சண்டை வேண்டாம் என்பவர்களுக்காக 'மோபியஸ்' என்ற பெரிய தனிக்குழு உருவானது. அமைதியாக ஆடுவதாக ஒப்புக்கொண்டால்தான் இடம். சிலர் ஒப்புக்கொண்டு நுழைந்து, உள்ளே இருந்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அரெனிஸ் செய்ததும் ஊடுருவல்தானே என்று கேட்கலாம். ஊடுருவல் உண்டு என்று தெரிந்த அண்டத்தில் ஊடுருவுவது வேறு. அது வேண்டாம் என்பதற்காகவே ஒதுங்கியவர்களின் வீட்டுக்குள் புகுவது வேறு.

நியாயக் கேடு அடிபடுபவர் பக்கமும் உண்டு. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இணைய வயரைப் பிடுங்கிவிட்டுக் கப்பலைக் காப்பாற்றிக்கொள்வார்கள். 'காம்பேட் லாகிங்' என்பார்கள். முறைப்படி மெனு வழியாக வெளியேறலாம். ஆபத்தில் இருக்கும்போது 15 வினாடி காத்திருக்க வேண்டும். வயரைப் பிடுங்குவது விதிமீறல். "அவன் மட்டும் யோக்கியமா?" என்பது அவர்கள் வாதம். வழிப்பறிக்காரர் விதிக்குள் நின்று ஆடும்போது, வயரைப் பிடுங்குபவர்தான் ஏமாற்றுக்காரர். தனி ஆட்டத்துக்கான கதவு திறந்தே இருக்கும்போது இந்தச் சாக்கு எடுபடாது.

நீதிமன்றம் சொன்னது

கடைசியில் கோடு எங்கே என்ற இந்தக் கேள்வி சட்டத்தின் வாசலுக்கும் வந்தது. 2007-ல் நெதர்லாந்தில் இரண்டு இளைஞர்கள், 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் அவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்ற வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொட முடியாத பொருளைத் திருட முடியுமா என்று எதிர்த்தரப்பு வாதாடியது. முடியும் என்று 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தப் பொருளுக்காகச் சிறுவன் நேரமும் உழைப்பும் செலவிட்டிருக்கிறான். அது அவனுக்கு மதிப்புள்ளது. பறித்ததும் விளையாட்டின் விதிகளுக்கு உட்பட்டு நடந்ததில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் "என் கப்பல் போச்சு" என்று சாப்பிடாமல் உட்காரலாம். வெறும் விளையாட்டுதானே என்று தள்ளிவிடாதீர்கள். எப்படிப் போனது என்று கேளுங்கள். வாசலில் மடக்கிச் சுட்டார்கள், கூட இருந்தவன் காட்டிக்கொடுத்தான் என்றால், நாளைக்கு எப்படித் திருப்பி அடிக்கலாம் என்று அவனோடு உட்கார்ந்து யோசிக்கலாம். பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினார்கள், காசு அனுப்பச் சொன்னார்கள், வீட்டு முகவரி தெரியும் என்றார்கள், போட்டோ கேட்டார்கள் என்று சொன்னால், அந்த நிமிடமே திரையைப் படம் எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, விளையாட்டு நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் சைபர் கிரைம் போலீஸிடமும் போங்கள்.